பக்கத்து வீட்டு மாயாமாளவகௌளை

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் தெருவில் கராஜுக்குள் கார் நிறுத்துகிறவர்கள் யாருமில்லை. எல்லாக் காரும் வெளியே வெயிலில் காய்கின்றன. எதிர்வீட்டு டெக்சஸ்காரர் கராஜில் ஒரு படகு வைத்திருக்கிறார். பதினொரு வருஷமாக அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், தண்ணீரில் இறக்கி நான் பார்த்ததில்லை. எங்கள் கராஜில் இரண்டாவது அடுப்பு, கிரைண்டர், அரிசி மூட்டைகள், தமிழ்ச் சங்கத்தின் பழைய பேனர்கள். வடை சுட்டால் வீட்டுக் கம்பளத்தில் எண்ணெய் வாடை ஏறிவிடும் என்பதால் பொரிப்பதெல்லாம் அங்கேதான். குடியிருப்பு விதிகளின்படி இது குற்றம். தெரிந்துதான் கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு பொரிக்கிறோம். இடது பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பானியத் தம்பதி குடிவந்தபோது, அவர்களும் கராஜில் ஏதாவது விதிமீறல் வைத்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. ஏமாற்றவில்லை. டிரம்ஸ் வைத்திருந்தார்கள்.

குடிவந்த மறுநாளே அந்தம்மா வந்து கதவைத் தட்டினாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும், என் வயதுதான். காகிதத்தில் சுற்றிய ஒரு வெள்ளைத் துண்டையும் ஒரு கடிதத்தையும் இரண்டு கைகளாலும் நீட்டினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்திலிருந்து பதினொன்றே முக்கால் வரை நாங்கள் சத்தம் எழுப்புவோம், மிகவும் வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சத்தம் போடுவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கிற ஆட்களை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் போட்ட பிறகும் கேட்பதில்லை.

என் வீட்டுக்காரர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு பஸ்ல போடற மாதிரி துண்டு போட்டு இடம் பிடிக்கிறாங்கடி" என்றார். அவர் சங்கத்தின் செயலாளர். எல்லாவற்றையும் இடம் பிடிக்கிற விஷயமாகத்தான் பார்ப்பார்.

சனிக்கிழமை பத்து மணி எனக்கும் சத்தம் போடுகிற நேரம். ஹாலில் ஜமுக்காளம் விரித்து, ஒன்பது பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். நான் வீணைக்காரி. பன்னிரண்டு வருஷம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவள். ஆனால் வீணை தூக்கக் கனம், வாங்கக் கஷ்டம், காருக்குள் நுழையாது என்று அம்மாக்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பாட்டு டீச்சராக்கிவிட்டார்கள். கர்நாடக இசையில் முதல் நாள் சொல்லித் தருகிற ராகம் மாயாமாளவகௌளை. ஸ ரி க ம என்று ஏறி இறங்குகிற சரளி வரிசை எல்லாம் அதில்தான். பதினான்கு வருஷமாக நான் அந்த ஒரு ராகத்திலேயே குடியிருக்கிறேன். அதைத் தாண்டி ஒரு கீர்த்தனை சொல்லித் தரலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது விண்ணப்பத்தில் எழுத 'நான்கு வருஷ சாஸ்திரிய சங்கீதம்' என்ற ஒரு வரி. அந்த வரியைத் தயாரிக்கிற ஆலைதான் என் ஹால்.

வருஷா வருஷம் சங்கத்தின் பொங்கல் விழாவில் என் வகுப்புக்கு ஒரு கூட்டுப்பாட்டு உண்டு. நேரம் மாலை நான்கு பத்து. ஜனங்கள் பஜ்ஜி வரிசையில் நிற்கிற நேரம். பாடுகிற பிள்ளைகளின் பெற்றோர் போனைத் தூக்கிப் படமெடுப்பார்கள், மற்றவர்கள் சட்னியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வீணையைத் தொட்டு அந்த மேடையில் வாசித்ததே கிடையாது. கேட்டால் தலைவர், "பார்க்கலாம்மா, டைம் இருந்தா கண்டிப்பா" என்பார். அவர் வேலை பார்ப்பது எண்ணெய்க் குழாய்களுக்கு வால்வு செய்கிற கம்பெனியில். எதை எப்போது மூட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்.

முதல் சனிக்கிழமை நான் 'ஸ' என்றேன், பக்கத்துக் கராஜில் 'டமார்' என்றது. அலைச்சறுக்கு இசை என்று கலிபோர்னியாவில் அறுபது வருஷத்துக்கு முன் ஒன்று இருந்ததாம். பாட்டு வார்த்தை இல்லாமல், கிட்டாரை அதிவேகமாகக் கீறி, அந்தச் சத்தத்தைக் கிணற்றுக்குள் இறக்கி எடுத்த மாதிரி அதிர வைப்பது. அதற்குப் பின்னால் பங்க் என்ற கோபக்கார இசை வந்தது. இவர்கள் இரண்டையும் கலந்து புதுப்பிக்கிறார்களாம். கிட்டார் வாசித்தது வீட்டுக்கார ஜப்பானியர், டிரம்ஸ் அந்தம்மா, தடித்த கம்பி கிட்டார் அவர் ஆபீஸிலிருந்து வருகிற ஒரு பேசாமடந்தை மனிதர். மூவரும் கடலே இல்லாத மாவட்டத்தில் பிறந்தவர்கள். மூவருக்கும் நீச்சல் தெரியாது. கால்வெஸ்டன் கடற்கரைக்கு ஒரே ஒரு தடவை போய், தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கிறது என்று திரும்பி வந்தவர்கள். இவர்கள் அலைச்சறுக்கு இசையை உயிர்ப்பிக்கிறார்கள் என்றால், டெக்சஸில் வளர்ந்த பிள்ளைகளை வைத்து நான் தஞ்சாவூரை உயிர்ப்பிப்பதில் என்ன தப்பு?

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மெட்டு, சுத்தமான மாயாமாளவகௌளை. அதே சின்ன ரி, அதே பெரிய க. என் பிள்ளைகள் மூன்றாம் காலம் பாடிக்கொண்டிருந்தார்கள், அதாவது நாலு மடங்கு வேகம், வழக்கமாக அங்கேதான் ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். அன்றைக்குப் பக்கத்துக் கராஜின் டிரம்ஸ் அவர்கள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. ஒன்பது பேரும் ஒன்றாக வந்து 'ஸ'வில் நின்றார்கள். பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு பெண், "ஆன்ட்டி, கேன் வி கீப் தெம்?" என்று கேட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ஓடினேன். அவர் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, இது அரபு நாடுகளின் பக்கம் பிறந்த ஒரு மெட்டுப் போக்கு, அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா வந்தது, அமெரிக்க இசைத்தட்டாக ஜப்பானுக்கு வந்தது, சின்ன வயதில் அதைக் கேட்டுப் பைத்தியமானேன் என்றார். எனக்கு அவர் விளக்கம் காதில் ஏறவில்லை. மாயாமாளவகௌளை என்று ஒரு தடவை சொல்லிக் காட்டினேன். மூவரும் அதைச் சொல்லிப் பார்த்து மூச்சு வாங்கினார்கள்.

அந்தம்மாவும் நானும் பழக ஆரம்பித்தது அப்படித்தான். முதல் நாள் காலைப் பலகாரத்துக்குக் கூப்பிட்டேன். மூன்று இட்லி சாப்பிட்டாள். நான்காவதை வைக்கப் போனபோது, புன்னகையோடு, "எ லிட்டில் டிஃபிகல்ட்" என்றாள். கொஞ்சம் கஷ்டம். கொஞ்சம்தானே என்று வைத்துவிட்டேன். ஐந்தாவதுக்கும் அதையே சொன்னாள், ஆறாவதுக்கும். நம்மில் 'போதும்' என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்துக் குப்புறப் படுத்தால்தான் கரண்டி நிற்கும். இரண்டு மாதம் கழித்து, நெருக்கமான பிறகு, அவளே சொன்னாள்: எங்கள் வழக்கில் கொஞ்சம் கஷ்டம் என்றால் முடியாது என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி உங்களிடம் மட்டும் நேராகச் சொல்கிறேன், நீங்களும் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆக எனக்குத் தெரியும். இதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன், பிற்பாடு தெரியாது என்று நான் பூசி மெழுகப் பார்த்தால் நீங்கள் விடக்கூடாது.

சனிக்கிழமை வகுப்பை ஒன்பதுக்கு மாற்றினேன். பத்தரை மணிக்கு வீணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கராஜுக்குப் போய்விடுவேன். எனக்காகத் தரையில் ஒரு கம்பளத் துண்டு போட்டிருந்தார்கள். வீணையின் மேல்பலகையில் ஒட்டுகிற சின்ன மைக்கை ஒட்டி, அதை அவர்களுடைய ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி, கம்பிகளை அவர்கள் சுருதிக்குக் கொஞ்சம் இறக்கி, முதல் மீட்டு மீட்டினேன். கராஜ் கதவு அதிர்ந்தது. பேசாமடந்தை வாயைத் திறந்து ஏதோ ஜப்பானிய மொழியில் சொன்னார். பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில், எண்ணெய்க் கறை படிந்த நைட்டியை மாற்றிவிட்டுச் சுடிதாரோடு உட்கார்ந்து, இடி மாதிரி ஒரு 'ரி' வாசித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கோயில் சன்னதியிலும் வாசித்ததில்லை. பாவமென்றால் பாவம்தான்.

அந்த மெட்டின் நீளம் இரண்டேகால் நிமிஷம். நடுவில் கிட்டார் நிற்க, டிரம்ஸ் மட்டும் ஓட, என் வீணை தனியாக இருபது விநாடி. இருபதே விநாடி. மாசக்கணக்கில் அதைச் செதுக்கினோம். வேகம் போதாது என்று அந்தம்மா குச்சியால் தொடையில் தட்டிக் காட்டுவாள். பாராட்டவே மாட்டாள். சரியாக வந்த அன்று மட்டும், "அகெய்ன்" என்பாள், ஆசையாக. பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில், சனிக்கிழமை மதியம், அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. நீங்களும் வர வேண்டும் என்றார்கள். ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்கு முன்னால் என் வீணை. நான் யாரிடமும் சொல்லவில்லை. தூங்கும்போது கூட விரல் போர்வையில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டோடு அடங்கியிருந்தால் நான் நானாக இருக்க மாட்டேனே. டிசம்பரில் ஒரு நாள், பன்னிரண்டு விநாடி வீடியோ ஒன்றைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதில் அவர்கள் மூவர் மட்டும் இருந்தார்கள். 'பக்கத்து வீட்டு ஜப்பானியர் வாசிக்கும் மாயாமாளவகௌளை!' என்று எழுதினேன். அரபு நாடு, கப்பல், இசைத்தட்டு எதையும் எழுதவில்லை. எழுதினால் ஆச்சரியக்குறி போட முடியாதே.

அரைமணி நேரத்தில் கைகூப்புகிற படங்கள் நாற்பதுக்கு மேல் வந்தன. 'தமிழன்டா' என்று ஆறு பேர். மறுநாள் சாயங்காலம் தலைவரே ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் வாங்கிய மிக்ஸர் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா நீ, இவ்ளோ பெரிய விஷயத்தை சும்மா ஃபார்வர்ட் மாதிரி போட்டிருக்கே! இது ஹிஸ்டரிம்மா. ஜப்பானுக்கும் நமக்கும் ரெண்டாயிரம் வருஷ கனெக்ஷன். நான் லிஸ்ட்டே போட்டு வெச்சிருக்கேன்."

லிஸ்ட்டை வாசித்தார். அவர்களும் சோறு, நாமும் சோறு. அவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், நாமும் கழற்றுகிறோம். ஆமா சொல்ல அவர்கள் தலையாட்டிக்கொண்டே 'ஹாய்' என்கிறார்கள், நாம் தலையாட்டிக்கொண்டே 'ஆமா' என்கிறோம். ஒன்பதாவது அயிட்டம் மாயாமாளவகௌளை. அது மட்டும் சிவப்பு மையில்.

"பொங்கல் விழால மெயின் ஸ்லாட்ல போடறோம். ஏழு மணி. தரையில உக்காந்து, வேட்டி கட்டி, சாஃப்ட்டா வாசிக்கட்டும். டிரம்ஸ் மட்டும் வேணாம், ஸ்டேஜ்ல பசங்க டான்ஸுக்கு எடம் வேணும். ஒரு சின்ன கொட்டு போதும். நீதான் பேசி கன்ஃபர்ம் பண்ணணும்."

"சார், அவங்க வாசிக்கறது வேற மாதிரி..."

"நீயும் கூட வீணையோட உக்காந்துடேன். ஏழு மணி ஸ்லாட். பதினாலு வருஷமா கேட்டுட்டிருக்கியே."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேறு வார்த்தை தேடிப் பிரயோஜனமில்லை.

மறுநாள் அந்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். தரையில் உட்காருவதையும் டிரம்ஸ் இல்லாததையும் சொன்னேன், வேட்டியை விட்டுவிட்டேன். அவள் கணவரோடு ஜப்பானிய மொழியில் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூச்சை உள்ளே இழுத்து, "எ லிட்டில் டிஃபிகல்ட்" என்றாள்.

என்னிடம் நேராகச் சொல்வதாகச் சொன்னவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு நிறைய யோசித்தேன். கேட்டது நான் இல்லை, என் பின்னால் நின்ற சங்கம் என்பதால், சங்கத்துக்குச் சொல்லும் பதிலைச் சொன்னாள். எனக்குப் புரியும் என்று நம்பியிருக்கிறாள். எனக்குப் புரிந்தது. நூற்றுக்கு நூறு புரிந்தது. வீட்டுக்கு வந்து தலைவருக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா சொன்னாங்க?"

"கொஞ்சம் கஷ்டம்ங்கறாங்க சார்."

"கொஞ்சம்தானே! பிகு பண்ணிக்கறாங்கம்மா, நம்மள மாதிரியே. பாத்தியா, பத்தாவது கனெக்ஷன்! அப்ப ஓகேதானே?"

வால்வைத் திறப்பதும் மூடுவதும் ஒரு வார்த்தையில் இருந்தது. "ஓகேதான் சார்" என்றேன்.

மூன்றாம் நாள் விளம்பரத் தாள் அடித்துவிட்டார்கள். 'ஜப்பானியர் போற்றும் தமிழிசை.' மூவர் முகமும் என் வீடியோவிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டு, பின்னால் ஒரு எரிமலை, முன்னால் ஒரு பொங்கல் பானை. பேசாமடந்தை வாசித்துக்கொண்டே கண்ணை மூடியிருந்த நொடியில் வெட்டியிருந்தார்கள், தியானத்தில் இருக்கிற மகான் போலிருந்தார். மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை அந்தம்மாவே பார்த்துவிட்டு, ஒரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். தன் முகத்தை விரலால் தொட்டுக் காட்டி, "திஸ் இஸ் அஸ்?" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "அவங்க ரொம்ப ஆசைப்படறாங்க. ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்க. இப்ப இல்லேன்னா எனக்குத்தான் அசிங்கம்." இதை என் ஆங்கிலத்தில் சொன்னேன், கண்ணில் கொஞ்சம் தண்ணீரோடு. தண்ணீர் நிஜம். அவள் அந்தத் தாளை மடிப்பு மாறாமல் திரும்ப மடித்தாள். பிறகு, "ஃபார் யூ" என்றாள். அவ்வளவுதான்.

பொங்கல் விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். மூவரும் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னதாக வந்து நின்றார்கள். அப்போது நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியைப் பார்த்ததும் கிட்டார்காரர் என்னைப் பார்த்தார். நான் வீணையின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் இருவருக்கும் பேன்ட்டுக்கு மேலேயே, என் வீட்டுக்காரர் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். அந்தம்மாவுக்கு டிரம்ஸ் செட்டில் ஒரே ஒரு சின்ன டிரம்மை மட்டும் தரையில் வைத்துக் கொடுத்தார்கள். அதைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு குச்சியோடு, பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தவள் மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஒலிபெருக்கி பார்த்தது தலைவரின் மச்சான். கிட்டாரின் சத்தத்தை, ஹோட்டல் லிஃப்ட்டில் கேட்கிற அளவுக்குக் குறைத்து வைத்துவிட்டார். அந்த இசைக்குச் சத்தம்தான் உயிர், அதை எடுத்துவிட்டால் கொசு. ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் ஒரு அங்கிள், "இன்னும் ஸ்லோவா வாசிக்கச் சொல்லுங்க, மெலடியா இருக்கும்" என்று கத்தினார். என் இருபது விநாடி நெருங்கியது. கையைக் கம்பியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர் மைக்கோடு மேடையேறிவிட்டார்.

"ஒன் மினிட், ஒன் மினிட்! எல்லாரும் கேளுங்க. இது என்ன தெரியுதா? ஸ... ரி... க... ம... நம்ம சரளி வரிசை! எல்லாரும் சேர்ந்து பாடலாமா?"

முந்நூறு பேர் பாடினார்கள். முந்நூறு பேரும் தாளம் போட்டார்கள், ஆளுக்கொரு தாளம். மூன்று ஜப்பானியரும் வாத்தியத்தை நிறுத்திவிட்டு, மடியில் கை வைத்து, மரியாதையாகக் காத்திருந்தார்கள். பாட்டு முடிந்தபோது முக்கிய விருந்தினர் வந்துவிட்டார், எங்கள் நேரமும் முடிந்துவிட்டது. என் இருபது விநாடி போயே போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். பேசாமடந்தை அதைத் துண்டென்று நினைத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். மூன்று மணி நேரத்தில் எனக்குப் பிடித்த ஒரே காட்சி அதுதான். பிறகு தலைவர் ஒரு தாளை என் கையில் திணித்து, நன்றியுரையை நீதான் வாசிக்க வேண்டும் என்றார். அவரே எழுதியது. கண்ணை ஓட்டினேன். நடுவில் இப்படி ஒரு வரி: 'நம் சகோதரியிடம் இசை பயின்று, நம் ராகத்தைத் தம் வாத்தியத்தில் ஏற்றிப் பெருமை பெற்ற ஜப்பானியச் சீடர்களுக்கு நன்றி.'

தாளை மடித்திருக்கலாம். வரியைத் தாண்டியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று இருமியிருக்கலாம், பாட்டு டீச்சருக்கு அதுகூடவா வராது? நான் வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல், உச்சரிப்புச் சுத்தமாக வாசித்தேன். மெயின் ஸ்லாட், வெளிச்சம் முகத்தில், முந்நூறு பேர் கேட்கிறார்கள். சீடர்கள் என்று வந்த இடத்தில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. என்ன சொன்னேன் என்று தெரியாமல் அந்தம்மாவும் தட்டினாள், சிரித்த முகத்தோடு, மற்றவர்களைவிட வேகமாக. எனக்கு அந்த நேரத்தில் பெருமையாகவும் இருந்தது, திருட்டுத்தனமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

விருந்தினருக்குப் புரிய வேண்டாமா என்று தலைவர் மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் சுருக்கினார். "ஷீ இஸ் தேர் டீச்சர்! எவ்ரிதிங் தே நோ, தே லேர்ன்ட் ஃப்ரம் அவர் சிஸ்டர்!"

அந்தம்மாவின் கைகள் நின்றன. என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக வாசிக்கிற மனிதர். பிறகு மூவரும் எழுந்து, ஆண்கள் இருவரும் வேட்டி தடுக்காமல் பிடித்துக்கொண்டு, சபைக்குக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான்கு பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

காரில் என் வீட்டுக்காரர் தலைவரின் பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். "செம ஹிட்டுடி. அடுத்த வருஷமும் இவங்களையே போட்டுடலாம்."

"அவங்க முடியாதுன்னுதான் சொன்னாங்க" என்றேன். "மொதல்லயே சொல்லிட்டாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்து லேன் மாற்றினார். "சரி விடு, வந்தாங்கல்ல" என்றார்.

இரண்டு நாள் பொறுத்து, அடுப்பை அணைத்துவிட்டு, கையில் எந்தப் பாத்திரமும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பலகாரத்தோடு போனால் அதைப் பற்றியே பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். நடையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது, புரிந்தேதான் ஓகே என்றேன், ஏழு மணி மேடைக்கு ஆசைப்பட்டேன், அந்தத் தாளை முன்பே படித்துவிட்டுத்தான் வாசித்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

அவள் கதவைப் பிடித்தபடியே பதில் சொன்னாள். முடியாது என்றது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும், உங்களுக்காக வந்தோம், வேட்டிக்கும் தரைக்கும் கோபமில்லை என்றாள். நாங்கள் உங்களிடம் படித்தோம் என்று நீங்கள் சொன்னபோது நான் கை தட்டினேன், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை என்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

நான் அசடு. அப்படியே திரும்பியிருக்க வேண்டும். "பிப்ரவரி நிகழ்ச்சிக்கு நான் வரலாமா, அந்த இருபது விநாடி..." என்று இழுத்தேன்.

"நோ" என்றாள்.

தலை சாய்க்கவில்லை, மூச்சு இழுக்கவில்லை. நான் அறிந்தவரையில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'நோ' அது. என் வாய் பழக்கத்தில் இன்னொரு தடவை கெஞ்சத் திறந்தது. மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரியில் அந்த நிகழ்ச்சி நடந்த சனிக்கிழமை வகுப்புக்கு விடுமுறை சொல்லிவிட்டு ஹூஸ்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். யாரும் கூப்பிடவில்லை, விளம்பரத்தில் எல்லோரும் வருக என்றிருந்தது. இசைத்தட்டு அடுக்குகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்பது பேர் நின்றிருந்தார்கள், பாதிப் பேர் கையில் பச்சை குத்தியவர்கள். கடைசி வரிசையில், சுடிதாரில், கைப்பையை அணைத்துக்கொண்டு நான். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். அந்தம்மா முழு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பேயடி அடித்தாள். அவளை அவ்வளவு இளமையாக நான் பார்த்ததில்லை. அந்த மெட்டு வந்தது. நடுவில் கிட்டார் நின்று, டிரம்ஸ் மட்டும் ஓடியது. என் விரல்கள் கைப்பையின் மேல் தயாராகிவிட்டன. பேசாமடந்தை ஓரடி முன்னால் வந்து, தடித்த கம்பிகளில் அந்த இருபது விநாடியை வாசித்தார். நான் வாசித்ததைவிட வேகம். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஜனங்கள் ஊளையிட்டார்கள், நானும் கை வலிக்கத் தட்டினேன்.

பக்கத்தில் நின்ற தாடிக்காரர் நான் தட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் காதருகே குனிந்து, உங்களுக்கு அவர்களைத் தெரியுமா என்று கேட்டார்.

"நெய்பர்" என்றேன். ஒரு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.